பழைய ஊஞ்சல் பலகைக்குப் புது மெருகு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பல குடும்பங்களில் எழும் கேள்வி, கூடத்து ஊஞ்சலை என்ன செய்வது என்பது. கறுத்துப் பிசுபிசுத்து, சங்கிலி மாட்டிய இடத்தில் கறையேறிய பலகையைப் பார்த்து, "இது இனி உதவாது" என்று சோர் பஜார் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்புக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் நல்ல முற்றிய தேக்கு. அந்த அகலத்தில் ஒற்றைப் பலகை இன்று எளிதில் கிடைக்காது. ஆகவே, கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தச்சன் அல்லன். தாராவியில் பாலீஷ் வேலை செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருடன் இருந்து கற்றுக்கொண்டு, எங்கள் வீட்டுப் பலகையையும் உறவினர் வீடுகளில் இரண்டையும் செய்திருக்கிறேன். அண்ணாச்சியின் முதல் பாடம் இது: "மெஷின் போட்டுத் தேய்ச்சிராதீங்க சார். என்ன பூசியிருக்குன்னு முதல்ல பாருங்க. கரையிறதைக் கரைச்சுதான் எடுக்கணும்." மெஷினுக்குப் பழைய பூச்சும் மரமும் ஒன்றுதான். இரண்டு தலைமுறை உட்கார்ந்து ஏறிய வழவழப்பும் ஓரத்துச் செதுக்கு வேலையும் அரை மணியில் தூளாகிவிடும்.

பலகையின் அடிப்பக்கத்தில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள். பிசின்போல இளகினால் அது பிரெஞ்ச் பாலீஷ். பெயர்தான் பிரெஞ்ச், சரக்கு நம் நாட்டு அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரப்பது. (அதை ஆராயவே 1924-இல் ராஞ்சி அருகே நாம்கும்மில் ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள்.) ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் போன்ற பிற்காலப் பூச்சு. அதற்குப் பெயிண்ட் ரிமூவர்தான் வழி. பழைய எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

அரக்குப் பூச்சானால் வேலை எளிது. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மழுங்கிய மரச் சில்லால் ரேகை போகும் திசையில் வழித்து, தேங்காய் நாரால் தேயுங்கள். ஸ்டீல் ஊல் வேண்டாம். அதன் துகள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளியாகும். ஸ்பிரிட் சட்டென்று பற்றும். பூஜை விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பூச்சு போன பிறகும் நிறம் நிற்கிறதே என்று பலர் இங்கேதான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பூச்சு வேறு, மரத்துக்குள் இறங்கிய கறை வேறு. சங்கிலிக் கொக்கியைச் சுற்றியுள்ள கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் மும்பை மழைக்கால ஈரத்தில் கூடி உண்டாக்கியது. இதற்கு ஆக்ஸாலிக் அமிலம். பிரின்சஸ் தெரு கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு நூறு கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பலகை முழுவதும் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால் அந்த இடம் திட்டாக வெளுத்து நிற்கும். மறுநாள் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். இது விஷம், கையுறை அவசியம், காய்ந்த பொடி மூக்கில் ஏறக் கூடாது.

தேக்கை ஈட்டிபோலக் காட்டப் பூசிய சாயம் இன்னொரு வகை. பெரும்பகுதி ஸ்பிரிட்டிலேயே வந்துவிடும். மிச்சத்துக்குத் துணி வெளுக்கும் குளோரின் திரவம் போதும். ஆனால் அமிலமும் அதுவும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்றைச் செய்து, கழுவி, காய்ந்து, வேறொரு நாளில்தான் மற்றது.

இனி மெருகு. மறுபடியும் அரக்கே பூசலாம், அழகுக்கு அதை மிஞ்சியது இல்லை. ஆனால் சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பூசினால் காற்றின் ஈரத்தில் பாலாடைபோல் வெளுக்கும். தினமும் உட்காரும் பலகைக்கு என் ஓட்டு ஆளிவிதை எண்ணெய்க்கே. கடையில் அல்சி தேல் என்று கேளுங்கள். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்காகும், பாயில்டு வகையே வேண்டும். போலீசார் தோளில் நெடுங்காலம் நாம் பார்த்த .303 துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் இதே எண்ணெய்தான். வியர்வையும் மழையும் படும் மரத்துக்கு அது ஏற்றது. தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவினால் முடிந்தது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. முதலில் தின்னரால் ஒரு முறை துடையுங்கள். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கைந்து மெல்லிய பூச்சுகள் போதும். பிறகு இரண்டு வாரம் யாரும் உட்காரக் கூடாது.

துடைத்த துணிகளை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீர் வாளியில் அமுக்கி வைத்து அப்புறப்படுத்துங்கள், அல்லது பால்கனிக் கொடியில் விரித்து விறைக்கும்வரை காய விடுங்கள்.