காட்டுப்பன்றிக்குத் துப்பாக்கி வாங்கலாமா?

எண்ணூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கிற விஷயமாக இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

அவருக்கு எண்ணூரில் தொழிற்சாலை வேலை. கத்திவாக்கத்தில் வீடு, வீட்டை ஒட்டி இரண்டு கறவை மாடுகள். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், ஜவ்வாதுமலை அடிவாரம். காப்புக்காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலக்கடலை. ‘காய் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றி இறங்கிவிடுகிறது. போன பட்டத்தில் ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் போச்சு. 68 வயதில் அப்பா டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாகப் பரண் மேல் கிடக்கிறார். அவர் கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் நான் இங்கே நைட் ஷிப்டில் நிம்மதியாக வேலை பார்ப்பேன். எந்தத் துப்பாக்கி வாங்குவது? மாட்டுக் கொட்டகையில் பெருச்சாளித் தொல்லையும் இருக்கிறது. அதற்கு ஏர் கன் போதுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு அனுமதி, விலங்கைச் சுட வேறொரு அனுமதி. இரண்டும் வெவ்வேறு சட்டம், வெவ்வேறு அலுவலகம். முதல் காகிதம் கையில் இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் பல விவசாயிகள் வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் காகிதத்தைப் பார்ப்போம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே இடம் இருக்கிறது. சட்டம் முதலில் சொல்வது, குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியை. போலீஸ் செய்திகளில் எஸ்.பி.எம்.எல். என்று வருமே, அந்த ரகம்தான். அது போதாது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். நடைமுறையில் அது தோட்டா போட்டுச் சுடும் 12 போர் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். பாயின்ட் 22 ரைபிளைச் சட்டம் ரைபிள் கிளப் உறுப்பினர்களின் குறிபார்க்கும் பயிற்சிக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. கைத்துப்பாக்கி பயிர்க் காவல் கணக்கிலேயே வராது.

இந்த இரண்டில் எது மேல் என்றால், 12 போர்தான். கெட்டிக்கிற துப்பாக்கியில் ஒரு வெடிதான் கிடைக்கும். மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். பனியில் மருந்து நமுத்துப் போகும். நமுத்த மருந்து வெடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, தாமதித்து வெடித்தால்தான் ஆபத்து. அளவு தெரியாமல் கூடுதலாகக் கெட்டித்தால் குழலே பிளந்து கை போகும். 12 போரில் மருந்து அளவு தோட்டாவுக்குள்ளேயே இருக்கிறது, பரணிலிருந்து இறங்கும்போது தோட்டாவை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியைக் கெட்டித்தபடியே ஏறி இறங்கித் தன் காலைத் தானே சுட்டுக்கொள்வது பழைய காலத்திலிருந்தே நடக்கிற விபத்து. ஆனால் 12 போரிலும் சில்லுக் குண்டுகள் சுமார் 30, 40 மீட்டருக்கு மேல் பரந்துவிடும். அதற்கப்பால் பன்றி சாகாது, காயம்தான் படும். காயம்பட்ட பன்றி இருக்கிற கடலைக்காட்டுக்குள் 68 வயதுக்காரர் டார்ச் லைட்டோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பெரிய குண்டு போட்டால் அது குறி தவறி அடுத்த வயலைத் தாண்டியும் போகும். நம் ஊரில் ராத்திரி காவலுக்குப் படுத்திருப்பது நாம் மட்டும் இல்லை. அடுத்த வயலிலும் ஒரு அப்பா படுத்திருப்பார்.

உரிமத்துக்கு மனு கொடுக்க வேண்டியது யார்? நிலத்தில் சாகுபடி செய்கிறவர், அதாவது வாசகரின் தந்தை, அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாசகர் எண்ணூர் முகவரியை வைத்துப் போலீஸ் கமிஷனரிடம் கேட்டால் ‘உங்களுக்கு எண்ணூரில் என்ன பயிர்?’ என்றுதான் கேட்பார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டில் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி தேவை. உரிமம் ஐந்து வருடத்துக்கு. அப்பா பெயரில் வாங்கிய துப்பாக்கியை, உரிமத்தில் பெயர் இல்லாத மகன் லீவில் வந்து தோளில் மாட்டிக்கொண்டு காவலுக்குப் போகக் கூடாது. இன்னொன்று, தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றிக்குத் தேர்தல் கிடையாது.

இவ்வளவும் முடித்துத் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பன்றியைச் சுடலாமா? கூடாது.

1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல, 11-ம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். பன்றி மேலே பாய்ந்து உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றம் இல்லை. அந்த விலக்கு உயிருக்குத்தான், கடலைக்கு இல்லை. அப்படிச் செத்த பன்றியும் அரசுச் சொத்து, கறி போடக் கூடாது. அனுமதி இல்லாமல் கொன்றால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயிலாக இருந்தால் அது முதல் அட்டவணை. குறைந்தபட்சமே மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு.

தமிழ்நாட்டில் காட்டுப்பன்றிக்கென்று தனி ஏற்பாடு வந்தது 2025 ஜனவரியில். அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த க.பொன்முடி சட்டப்பேரவையில் அதை விளக்கினார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடப்போவது பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள். விவசாயி இல்லை. கிராம அளவில் வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழு நிலைமையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வாசகரின் நிலம் இரண்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அதாவது சுடவும் முடியாது, கூண்டு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இந்தத் தூரக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பன்றி ராத்திரியில் நாலைந்து கிலோமீட்டர் சர்வசாதாரணமாக நடக்கும். காட்டையே பார்க்காமல் ஏரிக்குள் சீமைக்கருவேல் புதரில் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிற பன்றிகள் எத்தனையோ. கேரளாவில் 2022 முதல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட வழி செய்திருக்கிறார்கள். அதே வழியை இங்கேயும் கேட்கலாம், விவசாய சங்கங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இன்றைய தேதிக்கு எது சட்டமோ அதை வைத்துத்தான் நான் பதில் சொல்ல முடியும். லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை, சில ஆயிரங்கள் என்றாலும் வானத்தைப் பார்த்து வெடிக்க மட்டும் ஒரு துப்பாக்கி வாங்குவது வீண். சத்தத்துக்குப் பன்றி ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குறுக்கு வழிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் கடைசியில் வாசகர் ஜாடையாக ஒன்றைக் கேட்டிருந்தார். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, கை தேர்ந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. அந்த எண்ணமே வேண்டாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு வருடம், ஆயுள் வரைக்கும் போகும். வைத்திருந்தாலே இரண்டிலிருந்து ஐந்து வருடம். நண்பருக்காகச் செய்துகொடுத்தேன் என்றால் கோர்ட்டில் எடுபடாது. அவுட்டுக்காய் அதைவிட மோசம். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் சிதறிச் செத்த பசுக்களும் யானைகளும் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது எல்லாவற்றிலும் மோசம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். ராத்திரி தண்ணீர் கட்டப் போன மனிதர்கள் இதே மாதிரிக் கம்பியில் செத்த செய்தி வருடம் தவறாமல் வருகிறது.

அப்படியானால் அப்பாவைப் பரணிலிருந்து எப்படி இறக்குவது? துப்பாக்கிக்கு வைத்த பணத்தைச் சூரிய மின்வேலியில் போடுங்கள் என்பேன். இதில் கம்பியில் மின்சாரம் நிற்காமல் ஓடாது. நொடிக்கு ஒரு முறை போல் விட்டு விட்டு ஒரு உதை கொடுக்கும், உயிரை எடுக்காது. பன்றிக்கு வேலி உயரம் முக்கியமில்லை, அடிக்கம்பிதான் முக்கியம். தரையிலிருந்து முக்கால் அடிக்குள் முதல் கம்பி இருக்க வேண்டும், மூக்கு முதலில் படுவது அங்கேதான். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் உதை போய்விடும், வாரம் ஒரு முறை அடிப்புல் செதுக்க வேண்டும். வேலி போட்டுவிட்டு இந்த வேலையை விட்டவர்கள்தான் ‘சோலார் வேலி சரியில்லை’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர். ஒன்றரை ஏக்கருக்குத் தனியாகப் போட்டால் கட்டுபடியாகாது. சுற்றியுள்ள நாலைந்து பேர் சேர்ந்து பத்து ஏக்கரை ஒரே வளையமாகப் போட்டால் ஆளுக்கு வரும் செலவு பாதிக்கும் கீழே குறையும். 2023-ல் மின்வேலிகளைப் பதிவு செய்யத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டுக்குப் பக்கத்து நிலம் என்பதால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே வேலையை ஆரம்பியுங்கள். வேளாண் பொறியியல் துறையில் சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த வருடம் உங்கள் வட்டாரத்துக்கு நிதி இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்பது நல்லது.

வேலி வருகிற வரை, கடலையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை குசும்பா விதைத்துப் பாருங்கள். முள் இருக்கிற பயிர், வாசமும் அடிக்கும், பன்றி நுழையத் தயங்கும். மக்காச்சோளத்துக்கு இதே வேலையை ஆமணக்கு செய்யும். பழைய சேலை கட்டுவதும் புதிதில் பலன் தரும், பழகிய பிறகு தராது.

சேதம் ஆனால் மறுநாள் காலையிலேயே, உழுது சரிசெய்வதற்கு முன், வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டுக் காட்டிப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். அந்த மனுக்கள்தான் குழுவுக்கு ஆதாரம். ‘எங்கள் ஊரில் புகாரே இல்லை’ என்று பதில் வருவதற்குக் காரணம், நாம் டீக்கடையில் மட்டும் புகார் சொல்வதுதான்.

இனி கத்திவாக்கம் பெருச்சாளி. 0.177 அளவுக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம், அடையாளச் சான்று காட்டி வாங்கலாம். எலி, பெருச்சாளியைச் சுடச் சட்டத் தடை இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டுச்சுவர், தகரக் கூரை. தகரத்தில் பட்டுத் திரும்புகிற ஈயக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணுக்குப் போதும். தீவனத்தில் விழுந்த ஈயத்தை மாடு தின்றால் அது விஷம். வீட்டில் ஏர் கன் இருந்தால் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு கொசஸ்தலை முகத்துவாரத்துக் கொக்கைக் குறிபார்க்கப் போவார்கள், அது வனத்துறை வழக்கு. அதோடு, ராத்திரி முழுக்க விழித்து ஒன்றைச் சுட்டால் வளைக்குள் ஐந்தாறு குட்டி பிறந்திருக்கும்.

பெருச்சாளி வருவது தீவனத்துக்கு. தவிடு, புண்ணாக்கை மூடி போட்ட இரும்பு டிரம்முக்கு மாற்றுங்கள், மாடு மிச்சம் வைத்ததை ராத்திரி தொட்டியில் விடாதீர்கள். வளைகளை உடைந்த கண்ணாடித் துண்டு கலந்த சிமென்ட் கலவையால் அடையுங்கள். கூண்டுப் பொறியில் காசிமேட்டுக் கருவாடு ஒரு துண்டு வைத்து, முதல் இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டிவிட்டுச் சும்மா தின்ன விடுங்கள். புதுப் பொருளைக் கண்டால் பெருச்சாளி சந்தேகப்படும். பயம் தெளிந்த பிறகு பொறியைப் பூட்டினால் வரிசையாக விழும். மாட்டுக் கொட்டகைக்குள் எலி மருந்து வைக்க வேண்டாம். பிடித்ததைக் கையால் தொடாதீர்கள். கொட்டகையில் ஈரம் இருக்கும்போது செருப்பில்லாமல் நடக்காதீர்கள், காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பால் கறக்கிற அவசரத்தில் இதை மறந்துவிடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.