வீடு மாறும்போது லயத்து அயலும் கூட வருமா?

மலையகத்தில் வீட்டுத் திட்டம் என்றாலே எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்த வீடுகளில் யாருக்குப் பக்கத்தில் யார் குடியேறுவார்கள் என்று கேட்பவர் குறைவு. பிள்ளை குட்டியோடு வாழும் குடும்பத்துக்கு அதுதான் பெரிய கேள்வி.

லயத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மழைக்கு ஒழுகும் தகரம். ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும். கல்யாணம் முடித்த மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு மறைவு கிடையாது. இடிக்க வேண்டியவைதான்.

ஆனால் அங்கே அயல் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். தாய் கொழுந்துக்குப் போகிறார். கைக்குழந்தை பிள்ளைக் காம்பிராவில். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளைக்கு வீட்டுச் சாவி அடுத்த காம்பிரா அப்பாயியிடம் இருக்கும். ரொட்டியும் சம்பலும் கொடுத்து, சட்டையை மாற்றச் சொல்லி, தாய் மலையிலிருந்து இறங்கும் வரை அவர்தான் பொறுப்பு. யார் வீட்டில் காய்ச்சல் என்பது பீலியடியிலேயே தெரிந்துவிடும். சாவு விழுந்தால், உறவுக்காரர் வந்து சேருமுன் லயத்தார் விறகு சேர்த்துத் தேத்தண்ணி வைத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் கூட்டம் போட்டு யாரும் தீர்மானம் எடுத்ததில்லை. ஒரே சுவரும் ஒரே பீலியும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்ட காரியம்.

பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018 ஆகஸ்டில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. இந்த இந்திய உதவித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, ஏறத்தாழ 1,900 சதுர அடி; அதில் 550 சதுர அடி வீடு. தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, மரக்கறி போட நாலு பாத்தி. வேண்டி நின்றது இதுதான். ஆனால் வேலி எழுந்த இடத்தில் பழைய ஒட்டுறவு தானாக முளைக்காது.

மண்சரிவிலும் தீயிலும் வீடிழந்தவர்களுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம். மற்றவர்களை மொத்தமாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் ஒரு லயம் நாலு திசைக்குச் சிதறும். ஒரு லயத்தாருக்கு ஒரே வரிசையை ஒதுக்கி, அதற்குள் சீட்டுப் போட்டால் அந்த அப்பாயி எட்டும் தூரத்திலேயே இருப்பார். பிள்ளைக் காம்பிராவுக்கு நடக்கும் தூரம், தண்ணீர் வரும் வழி, காமன் கூத்துக்கு ஒரு திடல் ஆகியவற்றையும் வரைபடத்திலேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாதைக்கும் விளக்குக்கும் இப்போது கேட்க இடமுண்டு. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யச் சட்டம் நீண்டகாலம் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகப் பெருகின.

காணி உறுதி எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வீட்டுப் பட்டியலைக் கோயில் முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் லயத்தார் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று அத்திவாரம் வெட்டுமுன் பார்த்தால்தான் மாற்றச் சொல்ல வழியிருக்கும்.