புது கார்ல பழுதா? "இந்த வண்டி வேணாம்"னு திருப்பிக் கொடுக்க முடியுமா?

பத்து லட்ச ரூபாய் கார். அதுல எட்டு லட்சம் லோன். டெலிவரி எடுத்த நாலாவது நாளே இன்ஜின் வார்னிங் லைட் எரியுதுன்னு வெச்சுக்குவோம். ஷோரூம்ல சொல்ற பதில் எல்லாருக்கும் தெரியும்: "வண்டியை விட்டுட்டுப் போங்க சார், பார்த்துத் தர்றோம்." ஆனா நமக்கு வேண்டியது ரிப்பேர் இல்லை. வேற புது வண்டி, இல்லைன்னா கொடுத்த பணம். கேட்க முடியுமா?

சட்டம் என்ன சொல்லுது?

இங்கிலாந்துல 2015-ம் வருஷச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். நம்ம நாட்டுல இருக்கறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழுதைச் சரி பண்ணு, புதுசா மாத்திக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்ட ஈடு கொடு... இதுல எதை வேணும்னாலும் நுகர்வோர் ஆணையம் உத்தரவா போடலாம்.

ஆனா ஒரு சிக்கல். ஒரு பாகத்தை மாத்தினா சரியாகும்னா முழு காரையும் மாத்தச் சொல்ல முடியாதுன்னு 2006-ல மாருதி உத்யோக் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால "பழுது இருக்கு"ன்னு காட்டினா மட்டும் போதாது. அது உற்பத்தியிலேயே வந்த குறை, திரும்பத் திரும்ப ரிப்பேர் பண்ணியும் தீரலைன்னு காட்டணும்.

முதல் நாள்ல இருந்தே செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு வாங்குங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுத விடாதீங்க. உங்க புகார், கிலோமீட்டர், வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி எல்லாம் அதுல இருக்கணும்.

• டீலர், கம்பெனி ரெண்டு பேருக்கும் ஈமெயில் போடுங்க. மேனேஜர் போன்ல சொன்ன வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது.

• வார்னிங் லைட், சத்தம், ஆயில் கசிவு எதுவா இருந்தாலும் தேதியோட வீடியோ எடுத்து வைங்க.

• பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு "ஓட்டவே முடியாத வண்டி"ன்னு வாதாடறது கஷ்டம்.

இஎம்ஐயை மட்டும் நிறுத்தாதீங்க

கோபத்துல பலர் செய்யற காரியம் இது. லோன் உங்களுக்கும் பேங்குக்கும் நடுவுல உள்ள ஒப்பந்தம். எட்டு லட்சத்துக்கு 9% வட்டி, 5 வருஷம்னா மாசம் சுமார் 16,600 ரூபாய். வண்டி ஒர்க்‌ஷாப்லயே கிடந்தாலும் கட்டித்தான் ஆகணும். நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கட்டின ரசீதுகளைச் சேர்த்து வைங்க, நஷ்ட ஈடு கேட்கும்போது உதவும்.

அடுத்து எங்கே போகணும்?

முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரலைன்னா வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தா அங்கேயே போகலாம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். கட்டணம் 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய், 20 லட்சம் வரைக்கும் 400 ரூபாய்தான். பிரச்சினை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்துலயே கேட்கலாம்.

பரிசோதனை தேவைப்படற வழக்கை 5 மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில இழுக்கும். 2009-ல வாங்கின ஒரு பிஎம்டபிள்யூ காருக்காக கிரிமினல் புகாரா ஆரம்பிச்ச விவகாரம், 2024 ஜூலையில 50 லட்சம் கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்லதான் முடிஞ்சது.

செலவே இல்லாத வழி

வண்டியை வேணாம்னு சொல்ல ரொம்பச் சுலபமான நாள், உங்க பேர்ல பதிவு ஆகறதுக்கு முந்தின நாள். பதிவு ஆயிட்டா டீலரால அதைப் புது வண்டியா வேற ஒருத்தருக்கு விக்க முடியாது. அதனால மாத்திக் கொடுக்க மனசு வராது. முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி யார்டுக்கே போய் சேஸிஸ் நம்பர், தயாரிச்ச மாசம், பெயின்ட், டயர், ஓடோமீட்டர் பாருங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஏசி போட்டுப் பாருங்க. குறை இருந்தா அந்த சேஸிஸ் நம்பரைக் குறிப்பிட்டு, "இது வேணாம், வேற வண்டி ஒதுக்குங்க"ன்னு அங்கேயே ஒரு மெயில் போடுங்க.

அந்த ஒரு மணி நேரம் பல வருஷ அலைச்சலை மிச்சப்படுத்தும். இந்த மாசம் டெலிவரி எடுக்கப் போற நண்பர் இருந்தா இதை அனுப்பி வைங்க.