கொழும்புத் தேநீர்க்கடையும் கிழக்கின் மாட்டுப்பட்டியும்

2021 ஆம் ஆண்டின் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நாடெங்கும் பால்மாவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைத் தலைநகர வாசிகள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். இறக்குமதியாளர்களுக்கு டொலர் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கி நின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சிறு உணவகங்கள் பால் தேநீரைக் கைவிட்டு வெறுந்தேநீரை மட்டும் பரிமாற வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தின் முதல் பகுதியில் அரசாங்கம் பால்மாவின் மீதான விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும், ஒரு கிலோகிராம் பக்கற்றின் விலை 250 ரூபாவால் உயர்ந்து 1,195 ரூபாவாகியது. 2022 மார்ச்சில் அதே பக்கற் 1,945 ரூபாவைத் தொட்டது. ஒரு கோப்பை பால் தேநீர் 100 ரூபாவாகியதும் அந்நாட்களிலேயேயாகும்.

அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. பால்மா கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றது. ஆயினும் அன்று எம்முன் எழுந்த கேள்விக்கு இன்றுவரை உரிய பதில் காணப்படவில்லை. மாடுகளும் மேய்ச்சல் நிலமும் மழையும் உள்ள ஒரு தீவில், தேநீருக்குப் பால் வேண்டுமாயின் நியூசிலாந்திலிருந்து கப்பல் வரவேண்டும் என்ற நிலை எவ்வாறு ஏற்பட்டது?

இலங்கையின் பால் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கே உள்நாட்டில் உற்பத்தியாகின்றது. எஞ்சியவற்றுக்காக, நெருக்கடிக்கு முற்பட்ட ஆண்டுகளில் வருடமொன்றுக்கு 30 கோடி டொலருக்கும் அதிகமான பணம் வெளியே சென்றது. இந்நிலை ஒரே நாளில் தோன்றியதன்று. 1956 இல் தேசிய பால் சபை அமைக்கப்பட்டபோது, கிராமப்புறப் பாலைச் சேகரித்து நகரங்களுக்கு விநியோகிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. 1977 க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான இறக்குமதிப் பால்மா சந்தையை நிறைத்தது. விளம்பரங்கள் அதுவே போஷாக்கின் அடையாளம் எனப் போதித்தன. பால் சபையின் பொறுப்புக்கள் 1986 இல் அரசுக்குச் சொந்தமான கம்பனி ஒன்றின் கைக்கு மாறின. இன்று மில்கோ என்ற பெயரில், ஹைலன்ட் என்ற வர்த்தக நாமத்துடன் இயங்குவது அதன் வழிவந்த நிறுவனமே.

இறக்குமதிப் பால்மாவை முற்றாகப் பழிப்பது எமது நோக்கமன்று. கொட்டாஞ்சேனையில் பத்தடி அகலமுள்ள ஒரு தேநீர்க்கடையின் உரிமையாளரது நிலையில் நின்று இதனை நோக்க வேண்டும். அவருக்குக் குளிர்சாதனப் பெட்டி வைக்க இடமில்லை. இடமிருந்தாலும் மின்கட்டணம் தாங்காது. பால்மா பக்கற்றை வெட்டித் தகரப்பேணியில் கொட்டி வைத்தால் அது பல நாட்களுக்குக் கெடாது. மழை நாளில் வாடிக்கையாளர் வராவிடின் நட்டமில்லை. திரவப் பாலோ எமது வெப்பநிலையில் கறந்து நான்கைந்து மணித்தியாலங்களுக்குள் குளிரூட்டப்படாவிடின் புளிக்கத் தொடங்கிவிடும். ஒரு கிலோகிராம் முழு ஆடைப் பால்மாவிலிருந்து ஏறக்குறைய எட்டு லீற்றர் பால் கரைக்கலாம். இந்தக் கணக்கைக் கடைக்காரர் எவரும் எமக்குச் சொல்லித் தரத் தேவையில்லாத அளவுக்கு நன்கறிவர். தேசப்பற்றைப் போதித்து அவரைத் திரவப் பாலுக்கு மாற்றிவிட முடியாது. அவரது கணக்கு மாறவேண்டும்.

அக்கணக்கின் மறுமுனை கிழக்கிலும் வடக்கிலும் மலையகத்திலும் இருக்கின்றது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லயத்துக்கு அருகே கட்டி வளர்க்கும் ஓரிரு கலப்பினப் பசுக்கள் நன்றாகவே பால் தருகின்றன. தேயிலைக் கொழுந்துச் சம்பளத்துக்கு அப்பால் அக்குடும்பங்களின் கையில் மாதாந்தம் சேரும் ஒரே பணம் பல சமயங்களில் அதுவே. உலர் வலயத்திலோ நிலைமை வேறு. மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், கிளிநொச்சி மாவட்டங்களின் பட்டிக்காரர்கள் பெரிய எண்ணிக்கையில் நாட்டு மாடுகளை மேய்க்கின்றனர். ஒரு பசு நாளொன்றுக்கு ஓரிரு லீற்றரே கறக்கும். அதுவும் பெரும்பாலான இடங்களில் காலையில் மட்டுமே கறக்கப்படுகின்றது. பால் சேகரிக்கும் வாகனம் மாலையில் வருவதில்லை என்பதே காரணம். பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பையும் ஏனைய திண்மங்களையும் அளந்து விலை தீர்க்கின்றனர். அளவையின் முடிவைச் சரிபார்க்கும் வழி உற்பத்தியாளருக்கு இல்லை. மறுத்துப் பேசினால் மறுநாள் பாலை எங்கு கொண்டு செல்வது என்பதும் அவருக்குத் தெரியாது.

மாடுகளின் தரம் குறைவு என்பதால் வெளிநாட்டுப் பசுக்களை இறக்குமதி செய்வதே தீர்வு எனக் கருதப்பட்ட காலமும் உண்டு. அவுஸ்திரேலிய நிறுவனமொன்றிடமிருந்து 20,000 கறவைப் பசுக்களைப் பெறுவதற்கு 2014 இல் இணக்கம் காணப்பட்டு, 2017 இல் 5,000 பசுக்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கடனுக்கு வாங்கிய பண்ணையாளர்கள் பலர், பசுக்கள் நோயுற்றன, எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை என முறையிட்டனர். வழங்கிய நிறுவனம் அதனை மறுத்தது. கணக்காய்வாளர் நாயகம் அத்திட்டத்தைப் பரிசீலித்து அறிக்கையிட்டார். பசு எங்கிருந்து வந்தாலும் அதற்குத் தீவனமும் நீரும் நிழலும் மிருக வைத்தியரும் வேண்டும் என்ற எளிய உண்மையை அறிந்துகொள்ள இத்தனை பெரிய செலவு தேவைதானா என்று கேட்கத் தோன்றுகின்றது.

தீவனத்துக்கு நிலம் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளிலுள்ள மேய்ச்சல் தரைகளில் வெளிமாவட்டத்தவர்கள் அத்துமீறிப் பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் ஆரம்பித்த போராட்டம் பல நூறு நாட்கள் நீடித்தது. தமது மாடுகள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். இதே மேய்ச்சல் தரைப் பிரச்சினை எம்மவர்களுக்கிடையிலும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. அம்பாறை மாவட்டத்தின் வட்டமடுவில் நெற்காணியா, மேய்ச்சல் தரையா என்ற பிணக்கு தமிழ் மாட்டுப்பட்டிக்காரர்களையும் முஸ்லிம் விவசாயிகளையும் நெடுங்காலமாக எதிரெதிரே நிறுத்தி வைத்திருக்கின்றது. மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவிக்கும் பணி காலந்தோறும் பிற்போடப்பட்டதன் விளைவே இவை யாவும்.

பால் உற்பத்தியைப் பேசுகையில் இன்னொரு விடயத்தையும் தவிர்த்துவிட முடியாது. மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது; 2021 ஒக்டோபரில் அதற்கான சட்டத் திருத்தங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இது முஸ்லிம்களின் இறைச்சி வியாபாரத்தை மட்டும் பாதிக்கும் விடயம் என்றே பலரும் எண்ணினர். பாற்பண்ணையின் கணக்கு அவ்வாறு கூறவில்லை. பிறக்கும் கன்றுகளில் பாதி நாம்பன்களே. அவற்றையும் பால் வற்றிய பசுக்களையும் விற்றுப் பெறும் பணத்திலேயே சிறு பண்ணையாளர் நாகு ஒன்றை வாங்குகின்றார், பிள்ளையின் கல்விச் செலவைச் சமாளிக்கின்றார். அந்த விற்பனை நின்றால் பால் தராத மாடுகளுக்கும் புல் தேடவேண்டும். பசுவைப் போற்றும் சைவ மக்களின் உணர்வு மதிக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த உணர்வின் பெயரால் இயற்றப்படும் சட்டத்தின் சுமை அதே சைவப் பண்ணையாளரின் தலையிலும் விழும் என்பதை யாரேனும் அவருக்கு எடுத்துக் கூறினார்களா?

அதேபோன்று, 2019 பெப்ரவரியில் இறக்குமதிப் பால்மாவில் பன்றிக் கொழுப்புக் கலந்துள்ளதாகப் பிரதியமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் தெரிவித்த கூற்று முஸ்லிம் இல்லங்களில் ஏற்படுத்திய கலக்கம் சிறிதன்று. சம்பந்தப்பட்ட நிறுவனம் அதனை முற்றாக மறுத்து, சில நாட்கள் இந்நாட்டில் தனது செயற்பாடுகளையும் இடைநிறுத்தியது. 2013 இலும் பால்மாவில் இரசாயனம் கலந்துள்ளது என்ற சர்ச்சை எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு தூளைப்பற்றி யார் எதைக் கூறினாலும் நம்பவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் நுகர்வோர் தவிக்கின்றனர். கண்முன் கறக்கப்படும் பாலுக்கு நீர் கலந்த குற்றச்சாட்டு வரலாம். இத்தகைய சந்தேகம் வராது.

வெளியுலகில் இதற்கு வழிகண்டவர்கள் இருக்கின்றார்கள். இந்தியாவின் குஜராத்தில் 1946 இல் கைரா மாவட்டப் பாற்பண்ணையாளர்கள் திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுதிரண்டனர். வர்கீஸ் குரியனின் நிர்வாகத்தில் அது அமுல் என வளர்ந்தது. 1970 இல் ஆரம்பிக்கப்பட்ட வெண்மைப் புரட்சித் திட்டத்தின்போது, ஐரோப்பா உதவியாக வழங்கிய பால்மாவை அவர்கள் இலவசமாகப் பகிர்ந்தளிக்கவில்லை. பாலாக்கி நகரங்களில் விற்று, அப்பணத்தைக் கொண்டே கிராமங்களில் குளிரூட்டல் நிலையங்களை அமைத்தனர். வந்த தூள் உள்நாட்டுப் பாலை விரட்டாமல், அதற்கு வழி அமைத்துக் கொடுத்தது. நாமோ தூளை மட்டும் வாங்கினோம். 1990 களின் பிற்பகுதியில் இந்தியாவின் தேசிய பால்வள அபிவிருத்திச் சபையுடன் இணைந்து செயற்பட எடுக்கப்பட்ட முயற்சி நிலைக்கவில்லை. 2023 இல் மீண்டும் அவ்வாறானதொரு கூட்டு முயற்சி பேசப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. வெளியார் வருவதா என்ற விவாதத்தில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், யாழ்ப்பாணத்தில் பல இடர்களுக்கு மத்தியிலும் இயங்கிவரும் யாழ்கோ போன்ற எமது கூட்டுறவு அமைப்புக்களை வலுப்படுத்துவதில் செலவிட்டிருக்கலாம் என்பது எமது கருத்து.

நகரத்துச் சிறு வியாபாரிகளைப் பொறுத்தவரை கென்யாவின் அனுபவம் இன்னும் பொருத்தமானது. எம்மைப் போன்றே தேயிலை விளைவித்துப் பால் தேநீர் அருந்தும் நாடு அது. அங்கு நகரங்களில் பச்சைப் பால் விற்ற சிறு வியாபாரிகளை அதிகாரிகள் நெடுங்காலம் துரத்திப் பிடித்தனர். 2004 அளவில் அக்கொள்கை மாறியது. வியாபாரிகளுக்குச் சுத்தம் பேணுதல், பாலைப் பரிசோதித்தல் ஆகியவற்றில் பயிற்சியளித்து அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கினர். பின்னர், குளிரூட்டப்பட்ட பாலைத் தேவையான அளவு பணத்துக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்கும் இயந்திரங்களும் கடைகளில் வந்தன. அரை லீற்றர் வாங்குவோருக்கும் அங்கு இடமுண்டு.

கொழும்பில் இத்தகைய ஏற்பாடு சாத்தியமற்றதன்று. வெள்ளவத்தையின் சைவ உணவகங்கள் நாள்தோறும் தயிருக்கும் மோருக்கும் நெய்க்கும் இனிப்புவகைகளுக்கும் பால் தேடுகின்றன. முஸ்லிம் தேநீர்ச்சாலைகள் அதிகாலை முதல் நள்ளிரவு வரை தேநீர் ஆற்றுகின்றன. நோன்பு காலத்தில் தேவை பன்மடங்காகின்றது. ஒரே வீதியிலுள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு குளிரூட்டும் தாங்கியை வைத்திருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரும் மின்கட்டணத்தின் பாரம் குறையும். அவ்வளவு நிச்சயமான கொள்வனவு இருக்குமாயின் பால் சேகரிப்போரும் மாலை வாகனத்தை அனுப்புவது குறித்துச் சிந்திப்பர்.

ஆனால் தாங்கி வாங்க முதல் வேண்டும். இந்தக் கடைகள் அடுத்தடுத்து வாங்கிய அடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளைப் பலர் புறக்கணித்தனர். 2020 ஒக்டோபரில் கொவிட் காரணமாகக் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்புப் பகுதிகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டன. 2022 இல் சமையல் எரிவாயு இல்லை. வற் வரி அவ்வாண்டு 8 வீதத்திலிருந்து 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லாத சிறு கடையும், வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் அந்த வரியைச் சுமக்கின்றது. வங்கிக்குச் சென்றால் காணி உறுதி கேட்கின்றனர். வாடகைக் கடைக்காரரிடம் அது ஏது? ஆகவே சீட்டும், அடகு வைத்த நகையுமே அவரது வங்கி. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வியாபாரிகளுக்காக இஸ்லாமிய முறை வங்கிச் சேவை இந்நாட்டில் இயங்கினாலும், பொருளை வாங்கித் தவணையில் கொடுக்கும் அம்முறை இத்தகைய சிறிய குளிரூட்டிகளுக்கு ஏன் பரவலாகப் பயன்படுத்தப்படவில்லை என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாக, உள்நாட்டுப் பாலிலிருந்து தயாரிக்கப்படும் திரவப் பாலும் யோகட்டும் வற் வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. அந்த விலக்கின் பயன் பெரிய உற்பத்தியாளரின் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடாமல், ஒருபுறம் சித்தாண்டியின் பட்டிக்காரர் பெறும் லீற்றர் விலையிலும், மறுபுறம் கொட்டாஞ்சேனைக் கடையில் ஒரு கோப்பை பால் தேநீரின் விலையிலும் தென்படுகின்றதா என்பதை உரிய அமைச்சு மாதாந்தம் கணித்து வெளியிட வேண்டும். அந்த இரு விலைகளையும் பக்கம் பக்கமாகப் பார்க்கும் உரிமை பண்ணையாளருக்கும் கடைக்காரருக்கும் உண்டு.