உயரத்தை விற்கும் வியாபாரம்

கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் வெலிமடை வர்த்தகர்களில் தாமரைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தாவது பார்க்காதவர் இருக்க முடியாது. பச்சைத் தண்டும் அதன்மேல் ஊதா மொட்டுமாக, புறக்கோட்டையில் பல இடங்களிலிருந்தும் அது கண்ணில் படும். ஆனால் சீட்டு வாங்கி மேலே ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மிகச் சிலரே கையை உயர்த்துவார்கள். "ஏறி, பார்த்துவிட்டு இறங்குவதற்கு எதற்குக் காசு?" என்பது பலரது பேச்சு. நாம் வியாபாரிகள். காசு கொடுப்பவர் பக்கமிருந்து மட்டுமன்றி, அதை வாங்குபவர் பக்கமிருந்தும் ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும். இவ்வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

உயரத்தைச் சீட்டுப் போட்டு விற்பது புதிய தொழிலல்ல. 1889இல் பாரிஸில் உலகக் கண்காட்சிக்காக ஈபிள் கோபுரம் எழுந்தபோது செலவு ஏறக்குறைய 78 இலட்சம் பிராங்க். அரசாங்கம் கொடுத்தது 15 இலட்சம் மட்டுமே. மீதியைப் பொறியியலாளர் குஸ்தாவ் ஈபிள் தன் பொறுப்பில் திரட்டினார். அதற்கு ஈடாக 20 ஆண்டுகளுக்குக் கோபுரத்தின் வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். முதல் தட்டுக்கு 2 பிராங்க், இரண்டாம் தட்டுக்கு 3, உச்சிக்கு 5, ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி விலை. கண்காட்சி நடந்த அந்த ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 20 இலட்சம் பேர் ஏறினார்கள். போட்ட முதலின் பெரும்பகுதி அந்த ஆண்டிலேயே திரும்பிவிட்டது. ஒரே பொருளை மூன்று விலைக்கு விற்கும் வித்தை 130 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது, பாருங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் கதை. 102 மாடி, 381 மீற்றர். 1931 மே மாதம் திறந்தார்கள். அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். அலுவலகங்களுக்காகக் கட்டிய மாடிகளுக்கு வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை. 'எம்பயர்' என்பதை 'எம்ப்டி' என்று மாற்றி, 'வெற்றுக் கட்டிடம்' என ஊரார் கேலி செய்தார்கள். அந்த முதல் வருடத்தில் 86ஆம், 102ஆம் மாடிகளில் இருந்த பார்வையாளர் தளங்கள் கொண்டுவந்த பணம் சுமார் 20 இலட்சம் டொலர். மற்ற மாடிகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த வாடகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பக்க வருமானம் என்று நினைத்துச் செய்த ஒன்று கட்டிடத்தையே தாங்கிப் பிடித்தது. பிரதான சரக்கு ஓடாத காலத்தில் கல்லாப் பக்கத்தில் வைத்த டொபி போத்தல் கடை வாடகையைக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாபாரத்தின் உள்விடயம் இதுதான். நம் கடையில் 100 ரூபாவுக்கு ஒரு பொருள் விற்றால் 80, 85 ரூபா மொத்த வியாபாரிக்குப் போய்விடும். கோபுரத்தில் அப்படி இல்லை. ஆயிரம் பேர் ஏறிய நாளில் ஆயிரத்து ஓராவது ஆள் ஏறுவதற்கு மேலதிகச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் கொடுக்கும் காசு ஏறக்குறைய முழுவதும் மிச்சம். கேட்க இனிப்பாக இருக்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். ஒருவருமே வராத மழை நாளிலும் மின்சாரம், காவலாளி, லிப்ட் பராமரிப்பு, கடன் தவணை எதுவும் குறையாது. இன்று விற்காத சீனி மூட்டையை நாளை விற்கலாம். நேற்றைய மாலை நேரத்தை இன்று விற்க முடியாது. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் பொழுது சாயும்போது லீக்ஸுக்கும் கரட்டுக்கும் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் பெரிய கோபுரங்கள் நேரத்துக்கு ஒரு விலை வைக்கின்றன. 2010 ஜனவரியில் திறந்த துபாயின் புர்ஜ் கலீபா 828 மீற்றர். அதன் 124ஆம் மாடியில் ஒரு தளமும், 555 மீற்றர் உயரத்தில் 148ஆம் மாடியில் கட்டணம் கூடிய இன்னொரு தளமும் இருக்கின்றன. சூரியன் மறையும் நேரத்துச் சீட்டு விலை அதிகம், மற்ற நேரங்களில் குறைவு. கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலும் குறித்த நேரத்துக்கே ஆள் ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் இடைவேளை விடுவார்கள் என்பதால், மலேசியா போகும் சகோதரர்கள் அதைப் பார்த்துப் போவது நல்லது.

நேரம் குறித்து ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லிப்ட்தான் இந்த வியாபாரத்தின் தொண்டை. மேலே எவ்வளவு இடமிருந்தாலும் லிப்ட் கொண்டு போகும் அளவுக்குத்தான் வியாபாரம். புர்ஜ் கலீபா திறந்து ஒரு மாதத்தில், 2010 பெப்ரவரியில், லிப்ட் ஒன்று பழுதாகிப் பார்வையாளர்கள் அதற்குள் சிக்கிக்கொண்டார்கள். தளத்தையே மூடி ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தார்கள். 828 மீற்றர் உயரம் அப்படியேதான் நின்றது. வருமானம் மட்டும் இரண்டு மாதம் நின்றது.

சூரியன் மறைவது பற்றிச் சொன்னதால் ஒரு சிறு விலகல். உயரம் கூடக் கூட அடிவானம் தூரப் போகும். ஆகவே தரையில் நிற்பவருக்கு மறைந்த சூரியன் மேலே இருப்பவருக்கு இன்னும் தெரியும். புர்ஜ் கலீபாவில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. 2011 ரமழானில் துபாயின் மார்க்க அறிஞர்கள், 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒரே கட்டிடத்தில் மூன்று இப்தார் நேரம்!

இனி நம் தாமரைக் கோபுரத்துக்கு வருவோம். பேரை வாவிக்கு அருகில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் 350 மீற்றருக்குச் சற்று மேலாக நிற்கிறது. 2012 ஜனவரியில் வேலை தொடங்கி, 2019 செப்டம்பரில் வைபவரீதியாகத் திறக்கப்பட்டு, பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 2022 செப்டம்பர் 15ஆம் திகதி. ஆரம்ப விலை 500 ரூபாவுக்கு ஒரு சீட்டு, வசதி கூடியது 2,000 ரூபா, வெளிநாட்டவருக்கு 20 டொலர். இங்கும் மூன்று விலைதான்.

புறக்கோட்டையில் சரக்கெடுத்து முடித்த ஒரு வாரநாள் பகலில் நான் மகனோடு போய் ஏறினேன். கூட்டமில்லை. காது இலேசாக அடைத்தது. கதவு திறந்தபோது சுமார் 240 மீற்றர் உயரம். ஒரு பக்கம் துறைமுகமும், கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரமும். கீழே பேரை வாவி, கோட்டைக்கும் மருதானைக்கும் இடையிலான தண்டவாளங்கள். நான் தேடியது இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளியை. அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலால் எண்ணி, நான் வழமையாகத் துணி எடுக்கும் கடையின் தகரக் கூரையைப் பிடித்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். "அதோ நம்ம வீட்டுப் பக்கம்" என்று ஒரு பெண் பிள்ளைகளுக்குக் காட்டினார். இந்த வியாபாரத்தில் வாடிக்கையாளருக்கு விற்பது அவருக்கு ஏற்கனவே தெரிந்த இடத்தைத்தான்.

ஈபிள் கோபுரத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். அது காட்சிக்காகக் கட்டப்பட்டது. 20 வருட உரிமை முடிந்தபின் இடித்துவிடாமல் காப்பாற்றியது அதன் உச்சியில் பொருத்திய வானொலிக் கம்பிகள். நம்முடையதோ தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்புக்கென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டியது. இன்று மக்கள் அதை அறிந்திருப்பது ஏறிப் பார்க்கும் இடமாக.

இப்போது கணக்கு. செலவு 10 கோடி டொலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சீன எக்சிம் வங்கியின் கடன். 2012 ஆரம்பத்தில் டொலர் 114 ரூபா அளவில் இருந்தது. 2022 செப்டம்பரில், கோபுரம் சீட்டு விற்கத் தொடங்கியபோது, 360 ரூபா அளவில். பத்து இலட்சம் டொலர் தவணை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விலையில் அது 11 கோடி 40 இலட்சம் ரூபா. 500 ரூபா சீட்டில் 2 இலட்சத்து 28 ஆயிரம் பேர் ஏறினால் போதும். புதிய விலையில் அதே தவணை 36 கோடி ரூபா. 7 இலட்சத்து 20 ஆயிரம் பேர் ஏற வேண்டும். கோபுரம் ஓர் அங்குலம் கூட உயரவில்லை, கடன் மூன்று மடங்காகிவிட்டது. டொலரில் வாங்கிய கடனை ரூபாவில் உழைத்துக் கட்டுவது என்றால் இதுதான்.

கோபுரத்தை நடத்தும் கம்பனி இலாபம் பார்க்கிறது என்ற செய்தியை வாசிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். நடத்தும் கம்பனியின் கணக்கு வேறு, கட்டுவதற்கு வாங்கிய கடனின் கணக்கு வேறு. கடன் ஆணைக்குழுவின் தலையில் இருந்தது. நம்மிலும் பலர் சொந்தக் கட்டிடத்தில் கடை நடத்திக்கொண்டு, வாடகையைக் கணக்கில் எழுதாமல் "நல்ல இலாபம்" என்பார்கள். அதே கதைதான். ஈபிள் விடயத்தில் கட்டியவரே ஆபத்தையும் ஏற்றார், வருமானத்தையும் எடுத்தார். நம் பேச்சில் சொன்னால் கடனாளி என்பதைவிடப் பங்காளி என்ற முறை அது.

இதையெல்லாம் நான் கணக்குப் போட ஒரு காரணம் உண்டு. குருத்தலாவைப் பக்கத்து இளம் வர்த்தகர்கள் இருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார்கள். "நானா, எல்லப் பக்கம் மலை விளிம்பில் காணி ஒன்று வருது. மூன்று தட்டு கட்டி மேலே கண்ணாடித் தளம் வைப்போம். பங்கு சேருங்க" என்றார்கள். பொருள் மோசமில்லை. ஊவாவில் உயரத்துக்குக் கோபுரம் கட்டத் தேவையில்லை, இறைவன் கட்டியே தந்திருக்கிறான். தம்பேதன்னைக்கு மேலே, 1,900 மீற்றருக்கு மேலான உயரத்தில், 1890இல் தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு இன்றும் வெள்ளைக்காரர்கள் விடியற்காலையில் ஏறுகிறார்கள். 1921இல் முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களால் இளநீர்க் கடையும் முச்சக்கர வண்டியும் பிழைக்கின்றன. அவர்களுக்கு முதல் மிகக் குறைவு, ஆகவே மழை மாதத்தையும் தாங்குகிறார்கள். மூன்று தட்டுக் கொங்கிரீட் அப்படித் தாங்காது. பனி மூடிய நாளில் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர்தான் தெரியும், வங்கித் தவணை மட்டும் தெளிவாகத் தெரியும்.

நான் கேட்டது அதைவிட முதலான ஒன்று. புர்ஜ் கலீபாவை நிறுத்த 50 மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 200 தூண்கள் இறக்கினார்கள். நம் மலை விளிம்பில் கீழே என்ன இருக்கிறது? 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்களோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் பட்டதும் கண்முன் நிற்கிறது. காட்சி நன்றாகத் தெரியும் சரிவுதான் சரியவும் கூடியது. ஆகவே காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்தில் மண்சரிவு அபாய மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். ரூபாவில், நம் கையிருப்பில் எவ்வளவு, கடனில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வரவும் சொன்னேன். தாள் வந்துவிட்டது, முக்கால்வாசி கடன். மண் அறிக்கை இன்னும் வரவில்லை. வரும்வரை முற்பணம் கொடுப்பதில்லை என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.