பென்ஷன் வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்கு!

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சொந்த ஊருக்குப் போய்ச் சேருகிறார்கள். இல்லையேல், பிள்ளையோ பெண்ணோ இருக்கும் ஊரில் ஜாகை பார்க்கிறார்கள். அமெரிக்காவிலோ ஏராளமான பேர் மூட்டை கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள்!

வேடிக்கையாக இருக்கிறதா? காரணம் இருக்கிறது. சிகாகோ போன்ற வடக்கத்தி நகரங்களில் குளிர்காலம் வந்தால் வாசலில் பனி குவியும். அதை வாரித் தள்ளிவிட்டுத்தான் காரை வெளியே எடுக்க வேண்டும். அறுபத்தைந்து வயது முதுகு அதற்கு இடம் கொடுக்குமா? அதே சமயத்தில், தெற்கே அரிஸோனா ராஜ்யத்தின் பீனிக்ஸ் நகரில் இதமான வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்த வெயிலையே விலை பேசி விற்ற கெட்டிக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டெல் வெப். தச்சராக வாழ்க்கையைத் தொடங்கி, டைபாயிடில் படுத்து, உடம்பைத் தேற்றிக்கொள்ள பீனிக்ஸ் வந்தவர். பின்னால் பெரிய காண்டிராக்டர் ஆனார். 1960 ஜனவரி 1-ம் தேதி, ஊருக்கு வெளியே பருத்தி விளைந்த நிலத்தில் “ஸன் ஸிடி” என்ற சூரிய நகரத்தைத் திறந்து வைத்தார். கோல்ப் மைதானம், கடைத் தெரு, பொழுதுபோக்கு மண்டபம் எல்லாம் முன்கூட்டியே தயார். முதல் மூன்று நாட்களில் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் பார்க்க வந்தார்களாம்! இன்றும் அங்கே வீட்டுக்கு ஒருவராவது 55 வயதை எட்டியிருக்க வேண்டும். பேரக் குழந்தைகள் விருந்தாளியாக வரலாம், குடியேற முடியாது.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? வெப் கடை விரித்தது ஜனவரி மாதத்தில்!

ஜூலையில் போய்ப் பாருங்கள்

பாலைவன ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஜனவரியில் பார்த்து மயங்கக் கூடாது. ஜூலையில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 2023-ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரிக்குக் குறையாமல் வெயில் அடித்தது. இரவிலாவது நிம்மதி உண்டா? 16 நாட்கள் ராத்திரியிலும் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலெல்லாம் சிமெண்டும் தாரும் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்குகின்றன. அந்தத் தார் ரோட்டில் தடுக்கி விழுந்து, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்து, தோல் வெந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

“வறண்ட வெயில்தானே, புழுக்கம் இல்லையே” என்பார்கள். அதில்தான் ஆபத்து. வியர்வை தோலில் தெரியுமுன் காற்றில் பறந்துவிடும். உடம்பிலுள்ள நீர் குறைவது நமக்கே தெரியாது. போதாததற்கு, வயதானால் தாகமும் மந்தமாகிவிடும்.

உயரமும் வரியும்

எல்லாப் பாலைவன ஊரும் ஒன்றல்ல. பீனிக்ஸ் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்கே இருக்கும் டூஸான் நகரம் சுமார் 2,400 அடி. ஆகவே வெயில் சில டிகிரி குறைவு. ஆளுயரத்தைப் போல் பல மடங்கு வளரும் ஸகுவாரோ கள்ளிகள் சூழ்ந்த ஊர். 1885-ல் ஏற்பட்ட சர்வகலாசாலையும் இருக்கிறது. படிப்பில் நாட்டமுள்ளவர்களுக்குப் பொழுது போகும். நெவாடா ராஜ்யத்து லாஸ் வேகாஸில் வேறொரு கவர்ச்சி: அங்கே ராஜ்ய வருமான வரி கிடையாது. ஆனால் மிச்சமாகும் வரிப் பணம் சூதாட்ட மேஜைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்!

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வீட்டுத் தரகர் நீச்சல் குளத்தைக் காட்டுவார். அதற்கு நீர் வரும் வழியை நாம்தான் கேட்க வேண்டும். கொலராடோ நதியிலிருந்து 336 மைல் நீளக் கால்வாய் வெட்டி, மேட்டில் பம்பு வைத்து ஏற்றி, பீனிக்ஸுக்கும் டூஸானுக்கும் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். அந்த நதியில் பற்றாக்குறை என்று 2021 ஆகஸ்டில் முதன் முறையாக மத்திய சர்க்கார் அறிவித்தது. அரிஸோனாவின் பங்கு குறைந்தது. முதல் அடி விவசாயிகளுக்கு. 2023 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேல் நகரம் தன் எல்லைக்கு வெளியே லாரியில் தண்ணீர் கொண்டுபோவதை நிறுத்தியது. அதை நம்பி மலையடிவாரத்தில் அழகழகாக வீடு கட்டியிருந்தவர்கள் தட்டுக்கும் குளியலுக்கும் கணக்குப் பார்க்க நேர்ந்தது.

கதவைத் தட்டுவது யார்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். பீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா ஜில்லாவில் 2023-ல் மட்டும் வெயிலின் காரணமாக 645 பேர் இறந்தார்கள். வீடு வாசல் இல்லாதவர்கள் அதில் அதிகம். ஆயினும் சொந்த வீட்டுக்குள்ளேயே உயிர் விட்டவர்களும் பலர். ஏர் கண்டிஷன் யந்திரம் இல்லாமல் அல்ல. பெரும்பாலான வீடுகளில் யந்திரம் இருந்தது, ஓடவில்லை! பழுதாகியிருக்கும், அல்லது மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தியிருப்பார்கள். 2018-ல் சொற்பப் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் வெப்பத்தால் மாண்டார். ஊரே கொதித்தது. கோடையில் பாக்கிக்காக மின்சாரத்தை வெட்டக் கூடாது என்று மறு வருஷம் உத்தரவு பிறந்தது.

இங்கேதான் ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. குளிர்காலத்தில் தெரு நிறையச் சிநேகிதர்கள்; சீட்டாட்டம், விருந்து. ஆனால் அவர்களில் பலர் “பனிப் பறவைகள்”. சித்திரை பிறந்தால் வடக்கே பறந்துவிடுவார்கள். வெயில் கொல்லும் மாதங்களில் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். யந்திரம் நின்றுபோனால், “என்ன, இரண்டு நாளாய்க் காணோமே?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

ஆகவே விவேகமுள்ளவர்கள் முதலில் வீட்டை வாங்குவதில்லை. ஒரு கோடை முழுவதும் வாடகைக்கு இருந்து பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி எத்தனை மைல், மின்சார பில் எவ்வளவு, காரோட்டக் கண் இடம் கொடுக்காத காலத்தில் பஸ் உண்டா என்று விசாரிக்கிறார்கள். கடைசியாக, ஆகஸ்டு மாதத்திலும் ஊரில் இருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து வைக்கிறார்கள்.

வெயிலையும் வீட்டையும் எந்தத் தரகரும் விற்பார். அந்தச் சாவியை வாங்கிக்கொள்ளும் மனிதரை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.