இடம் இழந்த மழலை

இரண்டாம் குழந்தை பிறந்த வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்லும் ஆயர், தாய்மாரிடமிருந்து ஒரு முறையீட்டை அடிக்கடி கேட்க நேரிடும். தானே உண்ணப் பழகியிருந்த இரண்டு அல்லது மூன்று வயதுப் பிள்ளை, தம்பியோ தங்கையோ வந்த பின்னர் மீண்டும் படுக்கையை நனைக்கிறது, ஊட்டிவிடச் சொல்கிறது, மறந்துவிட்ட தாய்ப்பாலைக் கேட்டு அழுகிறது. இதனைப் பெற்றோர் பிடிவாதம் என்பர். உற்றார் பொறாமை என்பர். உண்மையில் இது யாது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

சொல்லில் உறைந்த அறிவு

தாய் மீண்டும் கருவுற்றதால் பால் இழந்து மெலிந்த பிள்ளையை நம் மக்கள் 'சவலை' என்று அழைத்தனர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாம் கண்ட ஊட்டக்குறை நோய்க்கு 1935-இல் அந்நாட்டுக் கா மொழியின் 'குவாஷியார்கர்' என்ற சொல்லையே பெயராக வழங்கினார். அடுத்த குழந்தையின் வரவால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளும் பிள்ளையின் மெலிவை அதன் இழப்போடு சேர்த்தே கண்டிருக்கின்றன.

குற்றமா, துயரமா?

பாலுண்ணும் மற்றொரு குழந்தையை வெளிறிய முகத்தோடு நோக்கிய சிசுவைக் குறித்து அகஸ்டின் தமது 'அறிக்கைகள்' நூலின் முதற் பகுதியில் எழுதி, மனிதனின் பாவ இயல்புக்கு அதனைச் சான்றாகக் கொண்டார். உளவியலறிஞர் ஆட்லரோ, மூத்த பிள்ளையை அரியணை இழந்த அரசனுக்கு ஒப்பிட்டார். கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை ஆராய்ந்து ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட நூல் நமக்கு மேலும் தெளிவு தருகிறது. தங்கள் ஆய்வில் மூத்த பிள்ளைகள் பலர் அடம் பிடித்ததையும், அவர்களுள் சிலர் அதே வேளையில் புதிய காரியங்களைத் தாமே செய்யத் தொடங்கியதையும் அவர்கள் கண்டனர். ஆகவே இப்பின்னடைவு வளர்ச்சியின் முடிவன்று. 'நான் இன்னும் உன்னுடையவன்தானா?' என்று சொல்லால் கேட்க இயலாத பிள்ளை உடலால் கேட்கும் வினா அது.

நம் ஊர்ச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பூச்சாகுபடிக்குப் பேர்பெற்ற கீரமங்கலம் போன்ற ஊர்களை எண்ணிப் பார்ப்போம். பூப்பறிக்கும் வேலை விடியுமுன் தொடங்குவது. அவ்வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை கண் விழிக்கையில் அருகில் இருப்பவள் பாட்டியே. பேறுகாலத்தில் தாய் தன் தாய்வீடு சென்றுவிட்டால் பிரிவு இன்னும் நீளுகிறது. மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கச் செய்வதும் சில வீடுகளில் அதே காலத்தில் நிகழ்கிறது. போதாக்குறைக்கு, 'இனி உன்னை யார் பார்ப்பார்கள்?' என்ற உறவினரின் கேலி வேறு. 'நீ பெரியவன், விட்டுக்கொடு' என்று நாமும் ஓயாமல் கூறினால், பெரியவனாவது என்றால் இழப்பது என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். அவ்வாறாயின், அது வளரத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆயர் செய்யத்தக்கவை

பிள்ளையை வெட்கப்படுத்தாதிருக்கப் பெற்றோருக்கு அறிவுறுத்துவோம். கேட்கும்போது சிறிது நேரம் மடியில் இடம் தருவதால் பிள்ளை கெட்டுவிடாது. நாள்தோறும் சில நிமிடங்களேனும் தாயோ தந்தையோ அதனோடு தனித்திருக்க வேண்டும். சிசுவின் பசியையும் அழுகையையும் குறித்து மூத்த பிள்ளையோடு பேசுவதும் நன்று; அவ்விதம் பேசிய தாய்மாரின் பிள்ளைகளிடையே பின்னர் நட்பு மிகுந்திருந்ததென மேற்கண்ட ஆய்வு கூறுகிறது. எடை குறைந்தாலோ, பாதம் வீங்கினாலோ, சிறுநீர் கழிக்கையில் வலித்தாலோ, பேச்சு நின்றுபோனாலோ தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இவற்றை மனத்தாங்கல் என்று எண்ணிக் காத்திருத்தல் தவறு.

ஜெபிக்கச் செல்லும் வீட்டில் சிசுவை ஆசீர்வதிக்குமுன் மூத்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து அதன் தலைமேல் கைவைப்பது சிறு செயலே. ஆயினும் அந்த வீட்டில் அதற்குரிய இடம் போய்விடவில்லை என்பதை அனைவருக்கும் அது அறிவிக்கும். 131-ஆம் சங்கீதம் மன அமைதிக்கு உவமையாகக் காட்டுவது பால் அருந்தும் குழந்தையை அன்று, பால் மறந்த பின்பும் தாயிடம் அமைந்திருக்கும் குழந்தையையே. பால் நின்றாலும் மடி நிலைத்திருக்கிறது என்று அறிந்த பிள்ளை வளர அஞ்சுவதில்லை.